மைதான ஓரம்: அந்தக் காலைப் பாருங்கள்!

போன இதழில் அமெரிக்கன் ஃபுட்பாலைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அட்லாண்டா பக்கத்தில் பதினொரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவன் என்பதால் ஆசிரியரும், "இந்த முறை கிரிக்கெட்டுக்கு லீவு விட்டுவிடுங்கள்" என்றுவிட்டார். சரி, ஆரம்பிப்போம்.

கேள்வி: பந்தைக் கையால் எறிகிறார்கள், கையால் பிடிக்கிறார்கள், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அப்புறம் எதற்கு 'ஃபுட்பால்' என்று பெயர்?
— வாசகர், ஈரோடு

ரக்பி வழியாக வந்த பெயர். ரக்பிக்கே முழுப் பெயர் ரக்பி ஃபுட்பால்தான். ஆனால் இந்த ஆட்டத்தில் காலுக்கு வேலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த கேள்விக்கான பதில் முழுக்கக் காலில்தான் இருக்கிறது.

கேள்வி: என் மகன் பள்ளி அணியில் குவார்ட்டர்பேக். இந்த வருஷம் புது அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் வந்து, பழைய ஆட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன்னுடைய பாஸிங் முறையைக் கொண்டுவந்தார். போன வருஷம் ஜம்மென்று ஆடிய பையன் இப்போது தடுமாறுகிறான். பழையதற்கே திரும்பச் சொல்லிப் பெற்றோர்கள் கொடி பிடிக்கிறார்கள். நானும் அவர்களோடு சேரலாமா?
— வாசகி, ஜான்ஸ் கிரீக், ஜார்ஜியா

சேராதீர்கள் சகோதரி. குறைந்தது இரண்டாவது சீசன் வரையிலாவது சேராதீர்கள். உங்கள் ஊர் அணியே இதற்குச் சாட்சி.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தில் பந்து நம்மிடம் இருக்கும்போது ஆடும் பதினொருவர் வேறு, எதிராளியிடம் இருக்கும்போது ஆடும் பதினொருவர் வேறு. முதல் கூட்டத்துக்குப் பாடம் எழுதி, ஆட்டத்தன்று ஒவ்வொரு தடவையும் 'இதை ஆடு' என்று சொல்கிறவர்தான் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர். கல்யாண வீட்டுக் கணக்கில் ஹெட் கோச் பெண்ணின் அப்பா, இவர் தலைமைச் சமையல்காரர், பந்தை வாங்கி எறியும் குவார்ட்டர்பேக் பரிமாறுகிறவர். சாம்பாரில் உப்பு இல்லையென்றால் பந்தியில் முதல் திட்டு வாங்குவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

2015-இல் உங்கள் பக்கத்துத் தொழில்முறை அணியான அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு டான் குவின் புது ஹெட் கோச்சாக வந்தார். கூடவே கைல் ஷனஹான் கோஆர்டினேட்டராக வந்தார். குவார்ட்டர்பேக் மேட் ரயனுக்கு அது எட்டாவது சீசன், ஷனஹான் அவருக்கு மூன்றாவது கோஆர்டினேட்டர். முதல் ஐந்து ஆட்டமும் வெற்றி. ஊரே கொண்டாடியது. ஏழு ஆட்டம் முடிந்தபோது ஆறு வெற்றி, ஒரு தோல்வி. அப்புறம் வரிசையாக ஆறு தோல்வி! அதில் கடைசி, கரோலைனாவிடம் 38–0. சீசன் முடிவில் 8 வெற்றி, 8 தோல்வி. ரயன் எறிந்த டச்டவுன் (பந்தை எதிராளியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது) 21, எதிராளி கையில் கொடுத்த இன்டர்செப்ஷன் 16.

அந்த ஆறில் ஒன்றை நான் நேரில் பார்த்தேன். நவம்பர் 22, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். நார்த் ஸ்பிரிங்ஸ் ஸ்டேஷனில் காரை நிறுத்தி, காருக்குள்ளேயே புளியோதரையை முடித்துவிட்டு, மார்ட்டா ரயிலில் ஜார்ஜியா டோம் போனோம். கூட வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். பள்ளி அணிகளுக்கு வாழ்நாள் முழுக்க கோச்சாக இருந்து ஓய்வு பெற்றவர். பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே மாட்டார், ஆனால் பந்தைப் பார்க்கவும் மாட்டார். ரயன் பின்வாங்கும்போதெல்லாம் அவர் வைக்கும் எட்டுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பார்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தோடு நின்றால் தலையாட்டுவார். ஐந்துக்கு மேல் பாதம் இன்னொரு முறை தரையைத் தட்டினால், நாக்கைச் சப்புக்கொட்டுவார்.

நாலாவது, அதாவது கடைசி, குவார்ட்டரில் ஃபால்கன்ஸ் முன்னிலை. பந்து சொந்த எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில். ரயன் ஒரு குட்டி பாஸ் எறிந்தார். அது நேராக கோல்ட்ஸின் டிக்வெல் ஜாக்சன் கைக்குப் போனது. அவர் நாலு எட்டு ஓடி டச்டவுன் போட்டுவிட்டார். 21–21. கடைசியில் 24–21 என்று தோற்றோம். பக்கத்தில் ஒருத்தர் தொப்பியைக் கழற்றி எறிந்தார். பெரியவர் மட்டும் அசையவில்லை. "இவன் இன்னும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறான்" என்றார்.

எனக்கு அது சட்டென்று புரிந்தது. அமெரிக்கா போன புதிதில் நானும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் யோசித்து, இங்கிலீஷுக்கு மாற்றி, அப்புறம்தான் வாயைத் திறப்பேன். அதற்குள் மீட்டிங்கில் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். எறியும் கை பழையபடி நன்றாகத்தான் இருந்தது ரயனுக்கு. கால்தான் இன்னும் கேட்டுக் கேட்டு நடந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம், அதாவது 2016-இல், அதே ஷனஹான், அதே ரயன், அதே பாடம். 38 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2015-இல் 339 பாயின்ட் எடுத்த அணி 540 எடுத்தது. லீக்கிலேயே அதிகம். 2015 நவம்பரில் பெற்றோர் சங்கம் ஒன்று ஃபால்கன்ஸுக்கு இருந்திருந்தால் இதையெல்லாம் பார்த்திருக்க முடியாது.

ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டாவது வருஷம் ஆட்களும் மாறினார்கள். முன்வரிசை நடுவில் நின்று பந்தைக் கொடுக்கும் சென்டர் இடத்துக்கு அலெக்ஸ் மேக் வந்தார். வேகத்துக்கு டெய்லர் கேப்ரியல் வந்தார். இரண்டு பேரும் 2014-இல் கிளீவ்லண்டில் ஷனஹானிடம் ஆடியவர்கள். அதாவது, அந்த மொழி தெரிந்தவர்கள். உங்கள் மகனுக்கு அப்படி ஆள் பிடித்துக் கொடுக்க முடியாது, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே பொறுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எறிவது எறிவதுதானே? இதில் பழைய முறை, புது முறை என்று என்ன இருக்கிறது?
— வாசகர், கோயம்புத்தூர்

சமைப்பது சமைப்பதுதான், கொங்கு வீட்டுச் சாம்பாரும் தஞ்சாவூர் சாம்பாரும் ஒன்றா?

இரண்டு விஷயம் சொல்கிறேன். முதலாவது நேரம். ஷனஹான் வகை ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கின் கால் ஒரு கடிகாரம். ஐந்து எட்டு பின்வாங்கி ஐந்தாவது பாதம் ஊன்றும்போது பந்தைப் பிடிக்க ஓடும் முதல் ரிசீவர் திரும்பியிருப்பார். அங்கே வழியில்லையென்றால் ஒரு சின்ன முன்னெட்டு. அந்த நேரத்துக்கு இரண்டாவது ரிசீவர் தன் இடத்துக்கு வந்திருப்பார். இன்னொரு முன்னெட்டு, மூன்றாமவர். பல சமயம் ரிசீவர் முகம் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்கும். ஆளைப் பார்த்து எறிவதில்லை, ஆள் வரப்போகிற இடத்துக்கு எறிவது. இத்தனை வருஷம் வேறு தாளத்தில் ஊறிய காலுக்கு இது சித்திரவதை. யோசித்தால் அரை விநாடி தாமதம். அரை விநாடியில் இந்த ஆட்டத்தில் விலா எலும்பு போகும்.

இரண்டாவது, பொய். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சென்டர் பந்தைக் கொடுத்ததும் முன்வரிசை ஆட்கள் ஐந்து பேரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே பக்கமாக ஓடுவார்கள். ரன்னிங் பேக்கும் அதே பக்கம். குவார்ட்டர்பேக் பந்தை நீட்டுவார், ரன்னிங் பேக் வாங்கிக்கொண்டு ஓரமாகப் பாய்வார். இப்படி ஐந்தாறு தடவை. ஏழாவது தடவையும் அதே ஐந்து பேர், அதே சாய்வு. எதிரணியின் நடுவரிசை லைன்பேக்கர்கள், 'வருகிறான் பார்' என்று முன்னால் இரண்டு எட்டு வைப்பார்கள். அந்த இரண்டு எட்டுதான் விலை. குவார்ட்டர்பேக் எதிராளிக்கு முதுகைக் காட்டி, பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றுக்கு நேராக நீட்டி, கொடுக்காமல் இழுத்துத் தன் இடுப்போரம் ஒளித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் திரும்புவார். லைன்பேக்கர்கள் விட்டுவிட்டு வந்த இடம் வெறிச்சென்று கிடக்கும். அதன் குறுக்கே ஒரு ரிசீவர் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருப்பார்.

கவனியுங்கள்: முதுகைக் காட்ட வேண்டும். எத்தனையோ வருஷமாக எதிராளியைப் பார்த்தபடியே பின்வாங்கிப் பழகியவரிடம், ஒரு விநாடி கண்ணை எடுத்துவிட்டு, திரும்பியதும் யார் எங்கே என்று கண்டுபிடி என்று சொல்வது சின்ன விஷயமில்லை. திரும்பிப் பார்க்கும்போது 120 கிலோ ஆள் ஒருவர் மூக்குக்கு நேரே நிற்கலாம்.

இதன் பலனை ஒரு கணக்கில் காட்டலாம். 2015-இல் ரிசீவர் ஜூலியோ ஜோன்ஸ் 136 பாஸ் பிடித்தார், 1,871 யார்டு. அவர் ஒரு அதிசயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அணி தள்ளாடியது. 2016-இல் அவர் பிடித்தது 83 தான். அணியோ பறந்தது. காரணம், அந்த வருஷம் ரயனிடமிருந்து டச்டவுன் பாஸ் வாங்கியவர்கள் பதின்மூன்று பேர். அன்றைக்கு அது லீக் சாதனை. முதல் வருஷம் பயந்தால் ஜூலியோ பக்கம் பார்ப்பார். இரண்டாம் வருஷம் கால் சொன்ன பக்கம் பார்த்தார். அதற்காக ஜூலியோவை மறந்துவிட்டார் என்றும் இல்லை. அக்டோபர் 2 அன்று கரோலைனாவுக்கு எதிராக ரயன் 503 யார்டு எறிந்தார், அதில் 300 ஜூலியோவுக்கு. முந்தைய வருஷம் 38–0 என்று அடித்த அதே கரோலைனா! அன்றைக்கு டிக்கெட் கையில் இருந்தும் ஆபீஸ் வேலையில் மாட்டிக்கொண்டு போகவில்லை. பெரியவர் இன்று வரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

கேள்வி: டிவியில் அந்த கோச் ஒரு பெரிய அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு மந்திரம் ஓதுகிறாரே, என்ன அது?
— வாசகி, பினாங்கு

மந்திரம்தான். உதட்டசைவை எதிரணி படித்துவிடக் கூடாது என்பதற்காக மறைப்பு. அவர் சொல்வது குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் கேட்கும். லீக்கில் 1994-லிருந்து இந்த வசதி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தைத் தொடங்க 40 விநாடிக் கெடு. 15 விநாடி மிச்சமிருக்கும்போது இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அப்புறம் தனியாள்.

ஓதுவது என்ன? ரசிகர்களிடையே பிரபலமான ஒன்று, 'ஸ்பைடர் 2 ஒய் பனானா'. ஸ்பைடர் 2 என்பது குவார்ட்டர்பேக்கை எப்படி அடைகாப்பது என்ற ஏற்பாடு. ஒய் என்பது டைட் எண்ட் என்ற ஆட்டக்காரர். பனானா அவர் ஓடவேண்டிய பாதை, வாழைப்பழம் மாதிரி வளைந்து. இது குட்டி மந்திரம். ஷனஹான் வகையறாவில் இதைப்போல மூன்று மடங்கு நீளம் சாதாரணம். சில சமயம் இரண்டு ஆட்டத்தை ஒரே மூச்சில் சொல்லி, 'எதிராளி நிற்பதைப் பார்த்து எதையாவது ஒன்றை நீயே ரத்து செய்' என்பார்கள். ரயன் அதைக் காதில் வாங்கி, பத்துப் பேருக்கும் பிழையில்லாமல் ஒப்பித்து, அணியை வரிசையில் நிறுத்தி, எதிராளியையும் நோட்டம் விட வேண்டியிருந்தது. எனக்கு ஓடிபி வந்தால் ஆறு இலக்கத்தை இரண்டு தடவை பார்த்துத்தான் அடிக்க முடிகிறது.

கேள்வி: ஷனஹான் வகையின் மூலமான குட்டி பாஸ் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தது யார்?
— வாசகர், மதுரை

பில் வால்ஷ் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவரைத் தொடங்க வைத்தது ஒரு தோள்பட்டை. 1969-இல் சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு கிரெக் குக் என்ற பையன் கிடைத்தான். பீரங்கி மாதிரி கை. முதல் சீசனிலேயே தோள் போயிற்று. 1970-இல் வந்த வர்ஜில் கார்ட்டருக்கு மூளை இருந்தது, நீளமாக எறியும் கை இல்லை. அங்கே உதவி கோச்சாக இருந்த வால்ஷ், நீளத்துக்குப் பதில் அகலத்தைப் பயன்படுத்தினார். மைதானம் 53 யார்டுக்கு மேல் அகலம், அது யாருக்கும் ஞாபகமில்லை! பக்கவாட்டில் குட்டிக் குட்டியாக எறிந்து, பிடித்தவனை ஓடவிட்டார். 1971-இல் எறிந்ததில் அதிக சதவீதம் சரியாகச் சேர்த்தவர் கார்ட்டர்தான்.

இதே வால்ஷ் 1979-இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஹெட் கோச்சாகப் போனார். முதல் வருஷம் 2 வெற்றி, 14 தோல்வி. அடுத்தது 6–10. 1981 சீசனில் 13–3, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலிலும் வெற்றி. ஜான்ஸ் கிரீக் சகோதரி, இதையும் அந்தப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டலாம். கைலின் அப்பா மைக் ஷனஹான் 1992 முதல் 94 வரை அதே சான் பிரான்சிஸ்கோவில் கோஆர்டினேட்டர். வித்தை வந்த வழி அது.

கேள்வி: அவ்வளவு பெரிய முறை என்கிறீர்கள். சூப்பர் பௌலில் 28–3 என்று முன்னிலையில் இருந்து தோற்றார்களே?
— வாசகர், அண்ணா நகர், சென்னை

கேட்டுவிட்டீர்களா. 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன். நியூ இங்கிலாந்திடம் 34–28. எங்கள் தெருவில் மறுநாள் ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை.

முறையின் குற்றமில்லை. அவசரத்தின் குற்றம். நாலாவது குவார்ட்டர், 28–20. ஜூலியோ எல்லைக்கோட்டோரம் விரல் நுனியில் ஒரு பாஸ் பிடித்தார், பந்து எதிராளியின் 22 யார்டு கோட்டில். மூன்று தடவை பந்தோடு தரையில் படுத்திருந்தாலே போதும், உதைத்து மூன்று பாயின்ட் எடுத்தால் 31–20. கதை முடிந்தது. ஷனஹான் மறுபடி பாஸுக்குப் போனார். ரயன் பிடிபட்டு 12 யார்டு பின்னால் போனார். அடுத்து, முன்வரிசை ஆள் ஒருவர் எதிராளியைப் பிடித்து நிறுத்தியதற்காக இன்னொரு 10 யார்டு. உதைக்கும் தூரம் தாண்டிவிட்டது. அலெக்ஸ் மேக் அன்று கால் எலும்பு முறிவோடுதான் ஆடினார்.

நன்றாக வருகிற வித்தையை நிறுத்தத் தெரியவில்லை. எனக்கு ஷனஹான் மேல் இன்னும் கோபம்தான், ஒளிக்கவில்லை.

கேள்வி: அவர் போன பிறகு அந்த முறை என்ன ஆயிற்று?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

தோற்ற மறுநாளே ஷனஹான் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஹெட் கோச்சாகிவிட்டார். 2017-இல் ஸ்டீவ் சார்கீசியன் வந்தார். ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். 540 பாயின்ட் 353 ஆகிவிட்டது. ரயனின் டச்டவுன் 38-லிருந்து 20. சமையல் குறிப்பு அதே நோட்டில் இருக்கிறது, கரண்டி பிடித்தவர் வேறு. ஊர் சார்கீசியனை வறுத்தெடுத்தது, நானும் சேர்ந்துகொண்டேன்.

ஆனால் 2018-ஐப் பாருங்கள். சார்கீசியனுக்கு இரண்டாவது வருஷம். ரயன் 35 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். 414 பாயின்ட். மறுபடியும் இரண்டாவது வருஷம்! அந்தப் பக்கம் தடுப்பாட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டு உட்கார, அணி 7–9 என்று முடிந்தது. சார்கீசியனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்தவர் யார் தெரியுமா? ஷனஹானுக்கு முன்னால் இருந்த டர்க் கெட்டர். பெரியவரிடம் ஃபோனில் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "பாவம், மறுபடி எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும்" என்றார்.

கேள்வி: அடுத்த மாதம் மகளோடு முதல் தடவையாக ஆட்டம் பார்க்கப் போகிறேன். டிவியில் பந்து எங்கே என்று தேடியே கண் வலிக்கிறது. எதைப் பார்ப்பது?
— வாசகர், ஷார்லட்

பந்தைத் தேடாதீர்கள். மேல் அடுக்கில், கோல் கம்பத்துக்குப் பின்னால் டிக்கெட் எடுங்கள். விலையும் குறைவு, ஆட்டமும் கோலம் போட்ட மாதிரி தெரியும். சென்டர் பந்தைக் கொடுத்ததும் முன்வரிசை ஐந்து பேரின் முதல் இரண்டு எட்டைப் பாருங்கள். எல்லாரும் ஒரு பக்கம் சாய்கிறார்களா, உட்கார்ந்து பின்வாங்குகிறார்களா? அடுத்து குவார்ட்டர்பேக்கின் காலுக்கு வாருங்கள். வாய்விட்டு எண்ணுங்கள், மகளையும் எண்ணச் சொல்லுங்கள். ஐந்தில் பந்து கிளம்பினால் கை தட்டலாம். ஆறாவது தட்டு விழுந்தால் பக்கத்தில் இருப்பவரின் பாப்கார்னைப் பிடித்துக்கொள்ளுங்கள், கொட்டப் போகிறது.